பதினோரு வீட்டுக் குப்பைத்தொட்டி

அன்று என் தம்பி டெஸ்மண்ட் நீதிமன்றத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘ஆமா.’ சொல்லிவிட்டால், நீதிமன்றம் உதவிக்கு அனுப்பிய லொரேன் எழுதிய திட்டத்தின்படி ஆறு மாதம் நடந்துகொண்டு வழக்கிலிருந்து விடுபடலாம். சொல்லாவிட்டால் மற்றவர்களைப் போல விசாரணைதான், ஜெயிலும் கிடைக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். டெஸ்ஸுக்கு நாற்பத்தொரு வயது. எழுதப் படிக்க வராது, மணி பார்க்கத் தெரியாது, பொய்யும் சொல்லத் தெரியாது. ஜெயிலில் அவன் ஒரு வாரம் தாங்கமாட்டான்.

இத்தனைக்கும் காரணம் குப்பைத்தொட்டி. வியாழக்கிழமை சாயந்திரம் எங்கள் தெருவில் பதினோரு வீட்டுத் தொட்டிகளையும் கொல்லையிலிருந்து தெருவோரத்துக்கு உருட்டிவந்து, கைப்பிடி வீட்டைப் பார்க்க வரிசையாக நிறுத்துவது டெஸ்ஸின் வேலை. யாரும் சொல்லிச் செய்வதல்ல. இருபது வருடமாக அவனேதான் செய்கிறான். ஒன்பதாம் நம்பருக்குப் புதிதாகக் குடிவந்த பர்செல்லுக்கு அது தெரியாது. கொல்லைப்புறத்தில் யாரோ நிற்கிறான் என்று ஓடிவந்திருக்கிறார். தள்ளுமுள்ளு. பர்செல்லின் முன்பல் உடைந்துபோனது. “நீதான் அடிச்சியா?” என்று போலீஸ்காரர் கேட்டதற்கு டெஸ், “ஆமா சார்” என்று சொல்லியிருக்கிறான்.

அந்த ‘ஆமா’ நான் சொல்லிக்கொடுத்தது. அவனுடைய பத்தொன்பது வயதில், மதுக்கடை வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் பேர் கேட்டபோது, “மாட்டேன், போ” என்றான். ரோட்டில் குப்புறத் தள்ளி அமுக்கியதில் கை முறிந்தது. அன்றைக்கே அவன் மண்டையில் ஏற்றினேன்: யூனிஃபார்ம் போட்டவர்கள் என்ன கேட்டாலும் ஆமா சார்.

லொரேன் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பிடுங்கப் பார்த்தாள். இவனைப் போன்றவர்களுக்காக நீதிமன்றம் வைத்திருக்கும் ஆள் அவள். “இவரு எதக் கேட்டாலும் ஆமாங்கிறாரு, ஜானீன். இது ஆபத்து. இல்லன்னு சொல்லப் பழகணும்” என்றாள். எட்டு வாரம் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து பழக்கினாள். “டெஸ், உன் டீயில உப்பு போடட்டுமா?” “இல்ல!” இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேஸ் முடிகிற நேரத்தில் இது என்ன விளையாட்டு?

அன்று நீதிமன்றத்தில் மாஜிஸ்ட்ரேட் அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திட்டத்தை நிதானமாகப் படித்தார். பர்செல் வீட்டுப் பக்கம் போகக்கூடாது. வாரம் ஒருமுறை, வியாழன் மத்தியானம் மூன்றிலிருந்து ஏழுவரை, பக்கத்து ஊரில் வகுப்பு. “டெஸ்மண்ட், இதுக்கு நீங்க சம்மதிக்கிறீங்களா? ஜானீன், நீங்க தலைய ஆட்டக்கூடாது.”

டெஸ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

“இல்ல” என்றான்.

பாவி, இங்கேயா சொல்வாய்? பக்கத்து மேசையில் அரசுத் தரப்பில் வாதாடும் போலீஸ் சார்ஜென்ட் எழுந்துவிட்டார். “யுவர் ஆனர், அவரே வேணாம்னு சொல்றாரு. அப்போ விசாரணைக்குத் தேதி குடுத்துடலாமே.” நான் எழுந்திருக்கப் போனேன். லொரேன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அந்த நேரம் அவளைக் கடித்துக் குதறியிருப்பேன்.

“உட்காருங்க சார்ஜென்ட்” என்றார் மாஜிஸ்ட்ரேட். “டெஸ்மண்ட், ஏன் இல்லன்னு சொன்னீங்க?”

“வியாழக்கிழமை தொட்டி, மிஸ்.”

“என்ன தொட்டி?”

“குப்பைத்தொட்டி. நான் வைக்கலன்னா வெள்ளிக்கிழமை லாரி எடுக்காது. கிளாசுக்குப் புதன்கிழமை போறேன்.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. லொரேனைப் பார்த்தார், அவள் தலையசைத்தாள். பேனாவை எடுத்து வியாழனை அடித்துப் புதன் என்று எழுதினார். “யார் வீட்டுக்குள்ளயும் போகக்கூடாது. வாசல்ல இருந்துதான் உருட்டணும். ஒன்பதாம் நம்பர் பக்கமே போகவேணாம். இப்போ சம்மதமா?”

“திரும்பச் சொல்லுங்க மிஸ்.”

திரும்பச் சொன்னார். டெஸ் விரலை மடக்கி மடக்கிக் கேட்டான்.

“ஆமா” என்றான்.

கார் நிறுத்துமிடத்தில் கதவைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றேன். அப்போதுதான் கேட்டேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாக. நானும் ஒரு அக்காவாம்!

“டெஸ், பர்செல்ல நீ அடிச்சியாடா?”

“இல்ல.”

“பின்ன பல்லு?”

“அவரு தொட்டிய இழுத்தாரு. நானும் இழுத்தேன். அப்புறம் விட்டுட்டேன். கைப்பிடி அவரு வாயில பட்டுருச்சு.”

“அப்போ போலீஸ்கிட்ட எதுக்குடா ஆமான்னு சொன்ன?”

“நீதான ஜானி சொல்லச் சொன்ன.” அவன் முகம் சுருங்கியது. “தப்பா சொல்லிட்டேனா?”

இவன் கையில் விலங்கு மாட்டியது பர்செல்லும் இல்லை, போலீசும் இல்லை. வழக்கிலிருந்து விடுபட்டாலும் அந்த ‘ஆமா’ போலீஸ் ஃபைலில் கிடக்கும். நாளைக்குத் தெருவில் எவன் வீட்டுக் கண்ணாடி உடைந்தாலும் முதலில் இவனைத் தேடித்தான் வருவார்கள்.

“நீ தப்பா சொல்லலடா. நான்தான் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன். வா, லொரேனும் வக்கீலும் உள்ளதான் இருக்காங்க. இப்ப சொன்னத அப்படியே அவங்ககிட்ட சொல்லு.”

அவன் நீதிமன்றக் கதவைப் பார்த்தான். அங்கே யூனிஃபார்மில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“பயமா இருக்கு ஜானி.”

“எனக்கும்தான்டா” என்றேன். கையை விடாமல் படியேறினோம்.