புள்ளியில் தொடங்கும் கோப்புகள்

"உன் லேப்டாப்ல புதுசா லினக்ஸ் போட்டுத் தர்றேன்க்கா. அந்த ஆளு உள்ள எதையாவது ஒளிச்சு வச்சிருந்தாலும் எல்லாம் துடைச்சிட்டுப் போயிரும்" என்றான் தம்பி.

அந்த ஆள் என் புருஷன். என் மணிக்கட்டை முறித்த மகராசன். அவனிடமிருந்து தப்பி, தம்பி வேறொருவர் பெயரில் பிடித்துக் கொடுத்த மாடி அறையில் ஒளிந்திருந்தேன். கையில் இருந்தது மடிக்கணினி ஒன்றுதான். புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துத்தான் என் பிழைப்பு.

சொன்னபடி மொத்தத்தையும் அழித்துப் புதிதாக நிறுவினான். உட்கார்ந்து பார்த்தால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"என் எழுத்துரு எங்கடா? ஷார்ட்கட் ஒண்ணுகூட வேலை செய்யல. சாயங்காலம் பக்கமெல்லாம் அச்சகத்துக்குப் போயாகணும், உயிரை வாங்காதே!"

"கத்தாதே தாயே" என்று பேக்கப் எடுத்திருந்த டிரைவைச் செருகினான். தேவையான மென்பொருள்களை மறுபடி நிறுவினான். பிறகு என் கோப்புகளெல்லாம் இருந்த பழைய ஹோம் ஃபோல்டரை, பெயருக்கு முன்னால் புள்ளி வைத்துக் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் அமைப்புக் கோப்புகளோடு, அப்படியே அள்ளிக் கொட்டினான். எல்லாம் பழையபடி வந்து நின்றது. வயிற்றில் பால் வார்த்தான் பிள்ளை.

திரைக்கு மேலே கேமரா விளக்கு அவ்வப்போது பச்சையாக மின்னியது. அந்தக் கணினியில் அது எப்போதும் மின்னும். நான் கண்டுகொள்ளவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, தம்பி சாப்பாடு கொண்டுவந்திருந்த நேரத்தில், கதவை யாரோ உதைத்தார்கள். தாழ்ப்பாள் பிய்ந்து பறந்தது.

"உன் ஜன்னல்ல எதிர்க்கடை போர்டு நல்லாத் தெரியுதுடி" என்று சிரித்துக்கொண்டே நுழைந்தான் என் புருஷன். "உன் கம்ப்யூட்டர்லேர்ந்து தினம் போட்டோ வருது. புது வீட்டுக்கு என்னையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்திருக்கீங்க, அக்காளும் தம்பியும்!"

தம்பிக்கு முகம் வெளுத்துப்போனது. தான் அள்ளிக் கொட்டியதில் இவன் ஒளித்துவைத்த வேவு நிரலும் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது அவனுக்கு. வந்தவனை வெளியே தள்ளப் பாய்ந்து, கதவு நிலையைப் பிடித்தான். அந்தப் படுபாவி அவன் கையோடு சேர்த்துக் கதவை அறைந்தான். விரல்கள் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தான், மிதித்துக்கொண்டே இருந்தான்.

நான் அலறிக்கொண்டு குறுக்கே ஓடினேன். என் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினான். விசைப்பலகையெல்லாம் ரத்தம்.

"இன்னிக்கு நீ செத்தடி."

கைக்கு அகப்பட்டது இஸ்திரிப் பெட்டி. சுழற்றி அடித்தேன். காதோரம் பட்டு மண்டியிட்டான். இன்னொன்று போட்டேன், சாய்ந்தான்.

"வேணாம், விட்டுடு" என்று ஒரு கையைத் தூக்கினான். எத்தனை முறை நான் அப்படிக் கை தூக்கியிருப்பேன்! அந்த மணிக்கட்டைப் பார்த்தே ஓங்கி இறக்கினேன். முறிந்தது. என் மனசு குளிர்ந்தது.

கீழே போலீஸ் சைரன் கேட்டது. பக்கத்து அறைக்காரர்கள் போன் செய்திருக்க வேண்டும். தம்பி தவழ்ந்து வந்து, நல்ல கையால் கணினியைத் தொட்டான்.

"எல்லாத்தையும் அழிச்சிடறேன்க்கா. மறுபடி சுத்தமா போடறேன்."

"கையை எடு. அந்தச் சனியன் படத்தையெல்லாம் எங்கே வச்சிருக்கு, காட்டு."

புள்ளி வைத்த ஒரு ஃபோல்டரைத் திறந்தான். எல்லாம் வரிசையாக இருந்தன. அவன் கதவை உடைத்து நுழைவது. கதவிடுக்கில் தம்பியின் கை. அவன் பிடியில் என் முடி. கடைசிப் படத்தில் அவன் தரையில் கை தூக்கியபடி கிடக்கிறான். இஸ்திரிப் பெட்டியோடு நான் மேலே நிற்கிறேன்.

"இது ஒண்ணையாவது அழிச்சிடலாம்க்கா" என்று அழுதான் தம்பி. "இது உன்னைத்தான் உள்ளே தள்ளும்."

படத்திலிருந்த என் முகத்தை உற்றுப் பார்த்தேன். வெட்கம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"ஒண்ணையும் தொடாதே. ஒண்ணு குறைஞ்சாலும் மத்ததையும் நம்பமாட்டாங்க."

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. திரையிலிருந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, கணினியை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன்.