பிரத்யுஷாவின் பிரிக்காத பெட்டி

தேஜாவின் கைக்குச் சிக்கிய எந்த மெஷினும் பிரிபடாமல் தப்பியதில்லை. கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். அங்கே பிரித்துப் பூட்டுவது போதாதென்று சரவணம்பட்டி வீட்டிலும் அதே வேலை. கல்யாணச் சீராக வந்த கிரைண்டருக்கு வேறு மோட்டார் வைத்தார். மிக்ஸிக்குப் பம்புசெட் ஸ்விட்சை மாட்டினார். வாஷிங் மெஷினைப் பிரித்துப் பூட்டியதில் மூன்று ஸ்க்ரூ மிச்சம் விழுந்தது. எல்லாம் முன்னைவிட நன்றாகத்தான் ஓடுகின்றன, பொய் சொல்லக்கூடாது. ஆனால் எதை ஓட்ட வேண்டுமென்றாலும் அவர் மனைவி பிரத்யுஷா பட்டறைக்குப் போன் போட்டு, எந்த ஸ்விட்சை எந்தப் பக்கம் தட்டுவது என்று கேட்க வேண்டும். எம்சிஏ படித்து ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவள், சட்னி அரைக்கப் புருஷனிடம் யோசனை கேட்பதா? எட்டு வருஷமாக அது அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு பொழுதுபோக்கு. லீவு நாளானால் போத்தனூரில் இருக்கும் கல்லூரித் தோழி ஜாஹிதாவோடு அணி சேர்ந்து கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவாள். பழைய லேப்டாப் தோசைக்கல்லாகக் காய ஆரம்பித்ததும், கேமுக்கென்றே ஒரு நடுத்தரமான கம்ப்யூட்டர் வாங்குவதென்று முடிவு செய்தாள். கடையிலேயே பூட்டித் தருவது, ரெடிமேடு.

தேஜாவுக்குப் பொறுக்கவில்லை. இரண்டே நாளில் பார்ட் பார்ட்டாக ஒரு லிஸ்ட் எழுதிக்கொண்டு வந்து நின்றார்.

“அம்மணி, ரெடிமேடுல கிராபிக்ஸ் கார்டை மட்டும் பெருசாக் காட்டிப்போட்டு மத்ததுல கைய வெச்சிருவானுங்க. ஒத்தை ரேம், ஒத்தை ஃபேன், பவர் சப்ளை எந்தக் கம்பெனின்னே தெரியாது. அதே காசுக்கு நாமளே ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் பூட்டுனா பத்து வருசத்துக்கு அசையாது.”

“ஒரு நாள் ஆன் ஆகலீன்னா? கார்டுக்காரன் போர்டைச் சொல்லுவான், போர்டுக்காரன் சப்ளையைச் சொல்லுவான். நாலு கடை ஏறி எறங்கோணும். ரெடிமேடுக்கு ஒரே பில்லு, ஒரே போன் நம்பருங்க.”

“அதுக்குத்தான் நான் இருக்கறனல்ல?”

“நீங்க இருக்கறதுனாலதானுங்க ரெடிமேடு வேணுங்கறேன்.”

அவர் முகம் சுருங்கியது. பிரத்யுஷாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள்.

“இந்த ஊட்டுல நீங்க தொடாத பொருள் ஒண்ணாச்சும் எனக்கு வேணுங்க. அதை நானே போடோணும், நானே அமத்தோணும்.”

தேஜா லிஸ்ட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “செரி. தொட மாட்டேன்.”

பெட்டி வந்தது. ஒரு பக்கம் கண்ணாடி, மேலே ஓட்டை ஓட்டையாக வலை. பின்னால் ஸ்க்ரூவின் மேல் ஒரு குட்டி ஸ்டிக்கர்; அது கிழிந்தால் வாரண்டி கிடையாது. பிரத்யுஷா நம்பியதெல்லாம் அந்த ஸ்டிக்கரைத்தான். புருஷனின் சத்தியத்தைவிட அதற்குப் பலம் அதிகம் என்பது அவள் கணக்கு.

அதன்பின் தேஜா பட்ட பாடு இருக்கிறதே! பேரிங் சத்தம் கேட்பவர் மாதிரி பெட்டிப் பக்கம் காதை வைப்பார். சுற்றிச் சுற்றி வருவார். வாய்க்குள் தாய்மொழியான தெலுங்கில் ஏதோ முணுமுணுப்பார். ஆனால் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடியே இருக்கும். ஐந்து மாதம் அப்படியே போனது.

ஆயுத பூஜை வந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிற்கிற மெஷினுக்குப் பூஜை போட மாட்டார்கள். ஓடவிட்டு, ஓட்டத்திலேயே பூவைத் தூவிக் கும்பிடுவார்கள். காலையில் பட்டறையில் பூஜை முடிந்தது. தேஜா ஆட்களுக்குப் பொரி, கடலை பங்கு வைக்க அங்கேயே நின்றுவிட, பிரத்யுஷா மட்டும் முதலில் வீடு திரும்பினாள். தன் மெஷினுக்குத் தன் கையாலேயே பூஜை போட வேண்டுமென்று அவளுக்கு ஆசை. கண்ணாடியில் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். வழக்கப்படி ஆன் செய்தாள். செவ்வந்தியை உதிர்த்து, பக்தியோடு மூன்று கை அள்ளி மேலே தூவினாள்.

செவ்வந்தி இதழ் மெலிசு. வலையின் ஓட்டை தாராளம். ஃபேன் ஒன்றாவது மேலே இருந்திருந்தால் ஊதித் தள்ளியிருக்கும். ரெடிமேட்டில் அங்கே வெறும் ஓட்டைதான்.

உள்ளே கடகடவென்று சத்தம் கிளம்பியது. பத்து நிமிஷத்தில் பெட்டி தானாக அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. ஈர்க்குச்சியை விட்டு நோண்டியதில் நாலு இதழ் இன்னும் ஆழமாகப் போனது. அந்த ஒரே போன் நம்பருக்கு அடித்தாள். ஆயுத பூஜையன்று எந்தக் கடைக்காரன் எடுப்பான்? மூன்று மணிக்கு ஜாஹிதாவோடு மேட்ச் வேறு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டி கெட்டதைவிட, இனி இதுவும் அவர் கைக்குத்தான் போகப்போகிறது என்பதுதான் தாங்கவில்லை.

அவள் இன்னொரு தடவை போட்டுப் பார்த்த நேரம், பொரிப் பையோடு உள்ளே வந்த தேஜா சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றார்.

“சிபியு ஃபேன்ல பூ சிக்கியிருக்குதம்மணி. சூடு தாங்காம அமந்து போகுது.”

பிரத்யுஷா ஒதுங்கி வழிவிட்டாள். அவர் வரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்ன பண்ணலாம்ங்கற? கடை திறக்கற வரைக்கும் வெச்சிருக்கறயா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “திறக்கலாமுங்க. நானே திறக்கறேன்.”

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார். அவள் ப்ளக்கைப் பிடுங்கினாள், ஸ்டிக்கரைக் கிழித்தாள், ஸ்க்ரூவைக் கழற்றினாள். உள்ளே எங்கு பார்த்தாலும் மஞ்சள் இதழ்கள். புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். தேஜா டார்ச் பிடித்தார். ரேம் ஒன்றுதான் இருந்தது, பக்கத்து இடம் காலி. வெளிச்சம் அதன்மேல் விழுந்துவிட்டு நகர்ந்தது. ‘அன்னைக்கே சொன்னேனல்ல’ என்ற வார்த்தை வரும் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை.

“ஸ்டிக்கர் போச்சுங்க,” என்றாள். “இனி உங்களைத் தடுக்க ஒண்ணுமில்ல.”

“ஸ்டிக்கருக்காகவா அம்மணி அஞ்சு மாசமாத் தொடாம இருந்தேன்?”

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த மனுஷன் மேல் அன்பு பொங்கிக்கொண்டும் வந்தது.

ஃபேனுக்கு அடியில் ஒரே ஒரு இதழ் மிச்சம். அவள் நின்ற பக்கத்திலிருந்து இடுக்கி எட்டவில்லை. டார்ச் பிடித்திருந்த பக்கம் விரலுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தேஜாவின் கை நீண்டது, பாதியில் நின்றது.

“தொடட்டுமா?”

எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் எந்த மெஷினுக்கும் அவர் கேட்காத கேள்வி. பிரத்யுஷா சரியென்று தலையை ஆட்டினாள். அவர் இரண்டு விரலால் அந்த இதழை மட்டும் எடுத்தார். எடுத்த கையைப் பழையபடி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“நாளன்னைக்கு இன்னொரு ரேம் வாங்கியாங்க,” என்றாள் பிரத்யுஷா. “ரெண்டு பேருமா மாட்டலாம்.”