தொடாத வெற்றிலை வட்டா

“புற்றுநோய் இல்லை,” என்று வைத்தியர் சொன்னபோது கேதீஸ்வரியால் நம்ப முடியவில்லை. “இன்னொருக்கா வாசிச்சுப் பாருங்க டொக்டர்,” என்றாள். இடக் கன்னத்தின் உட்புறம் படர்ந்திருந்த வெள்ளைத் திட்டிலிருந்து இரண்டு வாரங்களுக்கு முன் வெட்டியெடுத்த துண்டின் அறிக்கை அது. வைத்தியர் பொறுமையாக மீண்டும் வாசித்தார்.

“இப்ப இல்லை. ஆனால் வெற்றிலையை முற்றாக விடவேணும். பொயிலை இல்லாமல் போட்டால் பாதகமில்லை என்று நினைக்காதீங்க. பாக்கும் புற்றுநோயைக் கொண்டுவரும்.”

வெளியே வந்ததும் அவள் கணவன் நல்லரத்தினத்தின் கையை இறுகப் பற்றினாள். “விடுகா, ஆக்கள் பாக்குது,” என்றவர், தாமும் விடவில்லை.

கரடியனாற்றிலிருந்து இருவரும் பட்டணத்துக்கு இரண்டு காரியங்களுக்காக வந்திருந்தார்கள். அறிக்கை நல்லதாக இருந்தால், மகள் நிருஷாவுக்கு மாப்பிள்ளை கேட்டுக் கல்லடிக்குப் போவது; இல்லாவிட்டால், வந்த பஸ்ஸிலேயே திரும்புவது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருப்பான்; வாயில் புற்றுள்ள தாயின் வீட்டுக்கு யார் மகனை அனுப்புவார்கள்? ஓட்டோ பாலத்தில் ஏறியதும் வாவிக் காற்று முகத்தில் அடித்தது. கேதீஸ்வரி காரணமில்லாமல் சிரித்தாள்.

மாப்பிள்ளை உதயரூபனின் தாய் சின்னத்தங்கம் வாசலுக்கே வந்து வரவேற்றாள். “எங்கட பொடியன் வயலுக்க இறங்கமாட்டான், இப்பவே சொல்லிப்போட்டன்.”

“இறங்க வேணாம். வரம்புல நிண்டு கொக்குக் கலைச்சாப் போதும்,” என்றார் நல்லரத்தினம். சிரிப்பு அடங்குவதற்குள், காலுள்ள பித்தளை வட்டாவை உதயரூபன் கேதீஸ்வரியின் முன் கொண்டுவந்து வைத்தான். தளிர் வெற்றிலை, சீவிய பாக்கு, சுண்ணாம்பு, பொயிலை.

கேட்டு வந்தவர்கள் வட்டாவைத் தொடாமல் எழுந்தால், சம்பந்தத்தில் விருப்பமில்லை என்பதே பொருள்.

“பொயிலையில்லாம ஒரு வாய்தானேகா,” என்று நல்லரத்தினம் காதருகே முணுமுணுத்தார். அவளுடைய நாக்கு தானாகவே இடக் கன்னத்துக்குச் சென்று, தையல் போட்ட இடத்தைத் தடவியது. கை மடியிலேயே கிடந்தது.

“என்ன, எங்கட வட்டா புடிக்கல்லியா?” சின்னத்தங்கத்தின் குரலில் சிரிப்பு இல்லை.

மறைத்தால் அவமதிப்பு, சொன்னால் அச்சம். அச்சத்தையாவது பேசித் தீர்க்கலாம் என்று கேதீஸ்வரிக்குத் தோன்றியது.

“விருப்பமில்லாம இல்ல. உங்கட மகனைத் தாங்க எண்டுதான் வந்தம். என்ட வாயில வெள்ளையா ஒரு திட்டு. வெட்டிப் பாத்தாங்க. புற்று இல்லையெண்டு காலமைதான் சொன்னாங்க. ஆனா இனி ஒரு பாக்குத் துண்டும் வைக்கப்படாதாம். உங்களுக்கு யோசனையா இருந்தா இப்பவே சொல்லிருங்க.”

நல்லரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத்தங்கம் மகனை உள்ளே போகச் சொன்னாள். பின் தன் கதிரையை இழுத்து, கேதீஸ்வரியின் முழங்கால் தொடும் தூரத்தில் போட்டு அமர்ந்தாள்.

“வெட்டக்குள்ள நொந்ததா?”

“மரக்கிற ஊசி போட்டுத்தான் வெட்டின. ஒண்டும் தெரியல்ல.”

“எனக்கு நாலு மாசமாக் கறி பட்டா வாய் எரியுது. முந்தி மாதிரி விரியிதும் இல்ல.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “பயத்துல ஒருத்தருக்கும் சொல்லல்ல. அவனுக்கும் தெரியாது.”

“தெரியும்மா!” என்று உள்ளிருந்து உதயரூபனின் குரல் வந்தது. “கறியில கிடக்கிற மீனைத் தண்ணியில கழுவிப்போட்டுத் தின்னுற ஆள் ஊரிலேயே நீங்க மட்டுந்தான். கேட்டா ஏச்சுத்தான் விழும்.”

முதலில் சிரித்தவள் சின்னத்தங்கந்தான். சிரிக்கையில் வாய் பாதியளவே திறந்தது. கேதீஸ்வரி அதைக் கவனித்தாள்.

“சுணங்காம டொக்டருக்குக் காட்டுங்க. நானும் ஒரு வருசமா ஒளிச்சுத்தான் இருந்தன்.”

சின்னத்தங்கம் வட்டாவை எடுத்து, வெளியே வந்த மகனிடம் நீட்டினாள். “இதை உள்ளுக்கு வை. தேத்தண்ணி ஊத்து, சூடு ஆறினாப் பிறகு கொண்டா.” பிறகு, சம்பந்தம் உறுதியான பின்னரே சொல்லும் உறவுமுறை சொல்லிக் கேட்டாள்: “கலியாணத்துக்கு நாள் பிறகு பாப்பம், மச்சாள். உங்கட கிளினிக் என்ன கிழமை?”

நல்லரத்தினம் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

“செவ்வாய்,” என்றாள் கேதீஸ்வரி. “நானும் கூட வாறன், மச்சாள்.”