வெல்லத் தட்டு

பெங்களூருப் பக்கம் ஹெப்பகோடியில் ஒரு பேட்டரி கம்பெனியில் ஆறு வருஷமாக ஈயத் தகடு அடுக்குகிறேன். வேலை தொடங்கும் முன் ஆளுக்கொரு துண்டு வெல்லம் தருவார்கள். தின்றால் தூசி வயிற்றோடு போய்விடுமாம். கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கிய எங்கள் அப்பாவும் அதைத்தான் சொல்வார். நான் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்பவள்.

இந்த வருஷம் வயிறு முறுக்கியது. மணிக்கட்டு தொங்கிப்போய் தோசைக் கரண்டி நழுவியது. கம்பெனி டாக்டர் வயிற்றில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார். எரிச்சலில் பக்கத்துச் சந்தாபுரா ஆஸ்பத்திரிக்கு நானே போய் ரத்தம் டெஸ்டுக்குக் கொடுத்தேன். ஈயம் ஐம்பத்தெட்டு என்று வந்தது.

அங்கே டாக்டர் கிருத்திகா விளக்கினார். அரை டம்ளர் ரத்தத்தில் ஐம்பத்தெட்டு மைக்ரோகிராம். உடம்பின் ரத்தத்தை மொத்தமாக வடித்தாலும் ஒரு கடுகளவு ஈயம்கூடத் தேறாது. அதுவே நரம்பைத் தளர்த்திவிடுமாம், ரத்தம் ஊறவிடாதாம். சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பு அதைச் சேர்த்து வேறு வைத்துக்கொள்ளும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாதாம்.

வேலை செய்யும் இடத்தில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். வெல்லம் என்றேன், பெருமையாக.

"அத எங்க வெச்சிருப்பாங்க?"

தகடு அடுக்கும் மேசையோரம், திறந்த தட்டில். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. ஈயத் தூசியில் கறுத்த கையால் எடுத்துத் தின்று விரலையும் நக்கியிருக்கிறேன், ஆறு வருஷமாக. என் மேலேயே ஆத்திரம் வந்தது.

ரிப்போர்ட்டைக் கம்பெனியில் காட்டி நல்ல மாஸ்க், சோப்பு, மூடி போட்ட டப்பா கேட்டேன். மறுநாள் மேனேஜர் சுப்பராயன் கூப்பிட்டு ஒரு காகிதம் நீட்டினார். என் ரத்தத்தில் இருப்பது வீட்டுச் சுவரின் பழைய பெயின்டால் வந்த ஈயம் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் பேக்கிங்குக்கு மாற்றுவாராம். போடாவிட்டால் நாளையிலிருந்து வரவேண்டாமாம். என் ஒருத்தி சம்பளத்தில்தான் இரண்டு பெண்கள் படிக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

நேரே போய் அந்த வெல்லத் தட்டைத் தூக்கிவந்து அவர் மேசையில் வைத்தேன். எங்கள் லைனே எழுந்து அவர் அறை வாசலில் வந்து நின்றது.

"ஈயம் இங்கேர்ந்து வரலன்னு சொல்றீங்கல்ல சார், ஒரு துண்டு சாப்புடுங்க. நீங்க சாப்ட்டா நான் கையெழுத்து போடுறேன்."

அவர் தட்டைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். கை மட்டும் நீளவில்லை.

பக்கத்து மேசை சரசு என்னைத் தாண்டி உள்ளே வந்தாள். வாயில் அடக்கியிருந்த வெல்லத்தை அந்தக் காகிதத்தின் மேல் துப்பினாள். அவளுக்குப் பின்னால் தனக்கோடி கன்னத்தில் வெல்லத்தை அடக்கியபடி நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர்.