யார் வீட்டுக் கல்யாணம்?

மனப்பாடம் செய்வதென்றால் தினேஸ்வரிக்குத் தண்ணி பட்ட பாடு. பிஷிங் என்றால் என்ன என்று கேட்டால் போதும், தெரிந்தவர் போல நடித்துச் செய்தி அனுப்பி நம் தகவலைத் திருடுவது என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். அப்படி நூற்றைம்பது சொற்கள் அவள் நாக்கு நுனியில் இருந்தன. இருந்தும் முதல் தடவை தேர்வில் கோட்டை விட்டாள்.

சைபர் பாதுகாப்பில் அது அரிச்சுவடித் தேர்வுதான். ஆனால் மலேசியாவின் ஈப்போ நகரத்தில் அவள் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலைக்கு அது போதும். பன்னிரண்டு வருடம் கையுறைகளைப் பெட்டியில் அடுக்கியே முதுகு வளைந்தவள், கணினிப் பிரிவின் உதவி மேசைக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பைக் கேன்டீன் சுவரில் பார்த்ததும் போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். பிரிவின் மேலாளர் சாந்தினி கறாராகச் சொன்னார்: இரண்டே வாய்ப்பு. சான்றிதழோடு வந்தால் வேலை உனக்கு. இல்லாவிட்டால் வெளியாளை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான், அதுவும் வருகிற திங்கட்கிழமை.

பேக்கிங் சூப்பர்வைசர் கோகிலனுக்கு இதில் அப்படி ஒரு ஆனந்தம். தன் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை வாரத்துக்கு ஒரு முறை மறந்துவிட்டுக் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டுக் கத்துகிற மனிதர் அவர். அவர் சொல்கிறார்: "கிளவ் அடுக்குற கைக்கு சைபரா? ஆசைக்கும் ஒரு அளவு வேணும் லா, தினேஸ்!" பெல்ட் ஓரம் நின்றவர்கள் சிரித்தார்கள். தினேஸ்வரியும் சிரித்து வைத்தாள். 

புந்தோங் பகுதியில் இருந்த வீட்டில் அவளுக்குப் பாடம் கேட்கிறவள் குமுதா. கணவன் பவித்ரனின் தங்கை. பள்ளிக் கேன்டீன் வேலை முடிந்து வந்ததும், ஒரு கையில் காய் நறுக்கும் கத்தியும் ஒரு கையில் கேள்வித்தாளுமாக உட்கார்ந்துவிடுவாள். முதல் தேர்வில் வந்த ஒரு கேள்வி இருவரையும் வாரக்கணக்கில் குடைந்தது. ஒருவர் போன் செய்து, நான்தான் கம்பெனி இயக்குநர், அவசரம், என் பாஸ்வேர்டை உடனே மாற்றிக் கொடு என்கிறார். நீ என்ன செய்வாய்?

"உடனே ஹெல்ப் பண்ணுவேன்னு போட்டேன்" என்றாள் தினேஸ்வரி. "பெரிய ஆளு கேக்குறாரு. நீ யாருன்னு எப்படி லா திருப்பிக் கேக்குறது?"

"அதான் அண்ணி, எனக்கும் வாய் வராது."

வராதுதான். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் இரண்டு பேரும். மேனேஜர் ஜீப் வந்தால் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். கேள்வி கேட்பது என்பது அங்கே திமிர்.

கல்யாணத்திலும் அதே கதை. அழைப்புத் தட்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் முதல் வீட்டில் நுழைந்தால் கடைசி வீடு வரை போகும். தட்டில் இருக்கும் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொள்ள வேண்டும், கல்யாணத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். யார் வீட்டுக் கல்யாணம் என்பதைப் பந்தியில் உட்கார்ந்த பிறகு விசாரித்துக்கொள்வார்கள். ரப்பர் மரங்கள் போய்த் தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறி, சனங்கள் ஈப்போ, சிலிம் ரிவர், பாகான் செராய் என்று பிரிந்து போனபோது, அந்த வழக்கம் மட்டும் பத்திரமாக வாட்ஸ்அப் குழுவுக்குள் குடியேறிக்கொண்டது. குழுவை நடத்துகிறவர் சிலிம் ரிவர் ஐயாவு. அவர் ஒரு கல்யாணக் கார்டு அனுப்பினால் திறந்து பார்க்காத ஆளே கிடையாது.

சனிக்கிழமை மதியம் குமுதா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். திரெட்டுக்கும் வல்னரபிலிட்டிக்கும் என்ன வித்தியாசம்? தினேஸ்வரி ஒப்பித்தாள். அந்த நேரம் பார்த்துக் குமுதாவின் போன் சிணுங்கியது.

"ஐயாவு அண்ணே கல்யாணக் கார்டு அனுப்பிருக்காரு" என்று ஒரு விரலால் தட்டினாள். "என்னமோ பெர்மிஷன் கேக்குது. ஓகே. இன்னொண்ணு கேக்குது. ஓகே, ஓகே."

"யாரு வீட்டுக் கல்யாணம்?"

"பேரே காணோம் அண்ணி. தொறக்கவும் மாட்டேங்குது."

இரண்டு நிமிடம் கழித்துத் தினேஸ்வரியின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். 'எங்கள் இல்லத் திருமணத்துக்கு அன்புடன் அழைக்கிறோம்.' அனுப்பியவர்: குமுதா.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே குமுதா இருந்தாள். ஒரு கையில் கத்தி, மறு கையில் பாதி கத்திரிக்காய். போன் இரண்டடி தள்ளித் தரையில் கிடந்தது.

"நீ எனக்கு ஏதாச்சும் அனுப்புனியா?"

"இங்கதானே இருக்கீங்க, எதுக்கு அனுப்பப் போறேன்?"

 நூற்றைம்பது சொற்களும் நாக்கு நுனியை விட்டு இறங்கி அவள் கண்முன்னே நடமாட ஆரம்பித்தன. இதோ மால்வேர், கல்யாணக் கார்டு வேஷத்தில் வந்த திருட்டு மென்பொருள். இதோ பிஷிங், ஐயாவுவின் பெயரைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. திரெட் என்பது எங்கோ உட்கார்ந்திருக்கும் அந்தத் திருடன். அவன் நுழைய வசதியாக நாமே திறந்து வைத்த சந்துதான் வல்னரபிலிட்டி. அந்தச் சந்து எது? யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்காமல் தட்டைத் தொடுகிற பழக்கம்! அது தோட்டத்துச் சனம் இருநூறு பேருக்கும் இருக்கிறதே!

பாய்ந்து குமுதாவின் போனை எடுத்தாள். வைஃபையை அணைத்தாள், டேட்டாவை அணைத்தாள். பரவாமல் முதலில் அடைத்துப் போடு, சுத்தம் செய்வதெல்லாம் பிறகு. புத்தகத்தில் அந்த வரிசையை எத்தனையோ முறை மாற்றி மாற்றி எழுதியவள், இப்போது யோசிக்கவே இல்லை. தன் போனிலிருந்து பேங்க்குக்கு அழைத்து, குமுதாவையே பேசவைத்து, அவள் கணக்கை முடக்கினாள். அடுத்தது ஐயாவு.

"எந்தக் கல்யாணம்மா? நான் ஒண்ணும் அனுப்பலையே!" என்றார் மனிதர். "காலையில பாகான் செராய்லேர்ந்து ஒரு கார்டு வந்துச்சு. தொறந்தேன். அதோட போன் ஒரு மாதிரியா இருக்கு."

குழுவில் எச்சரிக்கை எழுதினால் வேலைக்கு ஆகாது, எழுத்தை நம்பித்தானே இந்தக் கூத்து. ஒவ்வொருவராக அழைத்தாள். "ஐயாவு அனுப்புனதையா தொறக்கக் கூடாதுங்குற? பெரிய மனுசியாயிட்ட போல!" என்று ஒரு அக்கா சண்டைக்கு வந்தாள். தினேஸ்வரி குரலை உயர்த்தவில்லை. "தொறக்காதீங்கக்கா. முதல்ல ஐயாவு அண்ணனுக்குப் போன் போட்டு, நீங்கதான் அனுப்புனீங்களான்னு கேளுங்க. கேக்குறது தப்பே இல்ல" என்றாள். அப்படிச் சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போனது. புந்தோங்கில் மட்டும் பதினேழு வீடு ஏறி இறங்கினாள். திறந்துவிட்டவர்களின் போனில் இருந்த திருட்டு மென்பொருளை அழித்து, பாஸ்வேர்டுகளை மாற்றி, மற்றவர்களுக்கு எச்சரிக்கை சொல்லி வீடு திரும்பியபோது கால் கெஞ்சியது. புத்தகம் சனிக்கிழமை கவிழ்த்து வைத்தபடியே கிடந்தது.

"என்னால உங்க படிப்பு போச்சே அண்ணி" என்று குமுதா அழுதாள். தினேஸ்வரிக்கும் பயம்தான். கடைசி வாய்ப்பாயிற்றே.

திங்கட்கிழமை தேர்வு அறையில் முதல் கேள்வியைப் படித்ததுமே பயம் போய்விட்டது. ஒரு ஊழியரின் கணினி தானாகச் செய்தி அனுப்புகிறது, முதலில் என்ன செய்வாய்? அவளுக்குக் கத்திரிக்காய் தெரிந்தது. இன்னொரு கேள்வியில் பாகான் செராய் தெரிந்தது. முப்பத்தாறாவது கேள்வியில் பழைய நண்பர் வந்து நின்றார், வேறு சட்டையில்: நிதி இயக்குநர் போனில் பேசுகிறார், அவசரமாம். தினேஸ்வரி சத்தமாகச் சிரித்துவிட்டாள். கண்காணிப்பாளர் முறைத்தார். 'அவர்தானா என்று முதலில் உறுதி செய்வேன்' என்ற விடையை அழுத்தினாள்.

கடைசிப் பொத்தானைத் தட்டியதும் திரையில் வந்தது: தேர்ச்சி. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

வெளியே ஓடி வந்து குமுதாவை அழைத்தாள். "பாஸு டி! பாஸாயிட்டேன்!"

 மறுமுனையில் குமுதா, "நீங்க எங்க அண்ணிதான்னு எப்படி நம்புறது? சனிக்கிழமை என் கையில என்ன இருந்துச்சு, சொல்லுங்க" என்றாள்.

"கத்திரிக்கா டி, கழுதை!"

நடுத்தெருவில் நின்று சிரித்துச் சிரித்துத் தினேஸ்வரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த மாதம் அவள் கணினிப் பிரிவின் உதவி மேசையில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் போன் அடித்தது.

"கோகிலன் பேசறேன். பாஸ்வேர்ட் மறந்துருச்சு. சீக்கிரம் மாத்திக் குடு, வேலை நிக்குது."

"ஐடி கார்டோட கவுண்டருக்கு வாங்க சார். ஆளைப் பாத்துதான் மாத்தணும், ரூல் அப்படி."

"என்னாது? யாரு, தினேஸா? பன்னெண்டு வருஷமா என் குரல் ஒனக்குத் தெரியாதா?"

"குரல் நல்லாவே தெரியுது சார். வந்துருங்க."

பேக்கிங் பிரிவே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, கோகிலன் முற்றத்தைக் கடந்து வந்தார். கவுண்டரில் இரண்டு பேருக்குப் பின்னால் நின்றார். முறை வந்ததும் கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி நீட்டினார். தினேஸ்வரி அவசரப்படவில்லை. கார்டில் இருந்த படத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"சரி, நீங்கதான் சார்" என்றாள்.