பாட்டின் தொடக்கத்தில் வரும் இருமல்

சலவைக்கூடமே தம்பியின் புது ஆல்பத்தில் சொக்கிக் கிடந்தது. கிட்டார் அதிரும் ஜெபப் பாட்டுகள். அண்ணன் மட்டும் குனிந்தபடி இஸ்திரி போட்டார்.

"அண்ணே, இந்தக் கடைசிப் பாட்டக் கேளுங்க," என்று துணி மடிப்பவள் சத்தத்தைக் கூட்டினாள். "ஆரம்பத்துல ஒரு கிழவர் இருமிக்கிட்டே ஜெபிப்பாரு. உருகிடுவீங்க!"

அது அப்பாவின் இருமல்.

சாகக் கிடந்தவரைப் பார்க்கத் தம்பி வரவில்லை. "போனை அவர் வாய்கிட்ட வைண்ணே, குரலையாவது கேட்டுக்கிறேன்," என்று போனிலேயே அழுதான். கை மரத்துப்போகும்வரை பிடித்திருந்தவர் அண்ணன்தான்.

"உங்க தம்பிக்கு ஒரு போன் போட்டுக் குடுங்கண்ணே, ரெண்டு வார்த்தை பேசணும்."

அவர் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினார்.

"வேணாம்மா. பேசினா பதிவு பண்ணி வித்துடுவான்."