கல்லறை வளையல்

கோங் தாஷானுக்குப் பெருமையெல்லாம் பிணத்தை வைத்துத்தான். ஊரில் மற்றவர்கள் சோளம் விளைந்ததைச் சொல்வார்கள். இந்த மனுஷன் எந்தப் பழைய கல்லறைக் குழியில், எந்த எலும்புக்கூட்டின் மார்பிலிருந்து எந்தப் பச்சைக்கல்லை உருவினேன் என்று சொல்வார், அதுவும் சாப்பிடும்போது! அவர் பேச்செடுத்தாலே யென்ரூ கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுவாள். ஆனாலும் இன்று அவர் வீட்டில், அடியில் தீ மூட்டிய செங்கல் கட்டிலில், அம்மாவுக்குப் பக்கத்தில், நிச்சயதார்த்தப் பெண்ணாக உட்கார்ந்திருந்தாள். காரணம் அவர் மகன் பெய்லின்.

பெய்லின் நல்லவன் என்று அவள் நம்பியதற்கு ஒரே சாட்சி அவன் நாய், மஞ்சளன். பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினால் ஓடிவந்து பையை மோந்து பார்க்கும். அதன் காலில் முள் தைத்த அன்று பெய்லின் அதை முதுகில் சுமந்துகொண்டு வீடுவரை நடந்ததை அவள் பார்த்தாள். நாயையே இப்படிப் பார்க்கிறவன் பெண்டாட்டியைப் பார்க்காமலா போவான் என்று கல்யாணத்துக்குத் தலையாட்டிவிட்டாள். போன வருஷம் நாய் எங்கோ ஓடிப்போய்விட்டது என்று அவன் சொன்னான். இரண்டு பேரும் சேர்ந்துதான் தேடினார்கள்.

தாஷான் சிவப்புத் துணியைப் பிரித்தார். உள்ளே வளையல், வெளிர்ப்பச்சைக் கல்லில் துருப்பிடித்த மாதிரி செம்பழுப்புத் திட்டுகள். இரண்டாக உடைந்ததை, முனைகளில் சின்னத் துளை போட்டு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"அஞ்சாயிரம் வருஷம்! உடைஞ்சதை அந்தக் காலத்துலயே துளை போட்டுக் கட்டியிருக்கான் பாருங்க. கை எலும்போட கிடந்துச்சு, நான்தான் எலும்பை உதறிட்டு எடுத்தேன். இந்தச் சிவப்பு என்னன்னு நெனச்சீங்க? செத்தவ ரத்தம்! கல்லுக்குள்ள இறங்கியிருக்கு. அதான் ராசி."

சீ! இதைச் சொல்லிவிட்டு அதே கையால் ஒரு கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவருடைய கூட்டாளி லூ, பழம்பொருள் வியாபாரி, வளையலை வாங்கிக் கண்ணை மூடி நாக்கால் ஒரு இழு இழுத்தார். "மண்ணு ருசி அப்படியே இருக்கு. அசல் சரக்கு!" என்று எச்சிலைச் சட்டைக் கையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"அம்மா, என்னால முடியாதும்மா," என்று முணுமுணுத்தாள் யென்ரூ.

"வாய மூடுடி. போட்டாத்தான் நிச்சயம். நாலு பேரு முன்னாடி என் மானத்த வாங்காத."

பெய்லினின் அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்தாள். யென்ரூவின் கையில் சோப்பு நுரையைத் தடவி, வளையலை வெந்நீரில் முக்கி எடுத்து, விரல்களில் மாட்டித் தள்ளினாள். அது விரல் முட்டியில் சிக்கியது. ஆவியோடு சேர்ந்து ஒரு நாற்றம் எழுந்தது, பாருங்கள்! மண்வாசனையாம், மண்ணாங்கட்டி. வெயிலில் அழுகிய குடலின் நாற்றம் அது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

லூ மட்டும் குனிந்து நெஞ்சு நிறைய இழுத்தார். "ஆஹா! கல்லறை வாசம். எங்க கிடைக்கும் இது?"

யென்ரூ வாயைப் பொத்திக்கொண்டு கையை வெடுக்கென்று இழுத்தாள். அப்போதுதான் நூலுக்கு அடியில், துளைக்குள் ஏதோ துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டாள். நகத்தால் கிள்ளி இழுத்தாள். குட்டையான, முரட்டு மஞ்சள் முடி. இழுக்க இழுக்க இன்னும் இரண்டு வந்தன.

அந்த முடியை அவளுக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து தன் கறுப்புக் கால்சட்டையிலிருந்து பொறுக்கிய முடி. புதுக்கல்லைப் பழசாக்க நாயைக் கொன்று, சூடு ஆறுமுன் கல்லை அதன் வயிற்றில் வைத்துத் தைத்து, ரத்தக்கறை ஏறப் புதைப்பார்கள் என்பதும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"பெய்லின், மஞ்சளன் எங்க?"

அவன் வாய் திறக்குமுன் லூவுக்கு விளங்கிவிட்டது.

"யோவ் தாஷான்! நாய் வயித்துலயா வெச்ச? எங்கிட்டயேவா? த்தூ! த்தூ!" என்று சாராயத்தை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். செத்தவளின் ரத்தம் என்றபோது தித்தித்த நாக்கு, நாய் என்றதும் குமட்டியது.

"கத்தாதய்யா! குழிக்கெல்லாம் சர்க்காரு வேலி போட்டுட்டான். நான் அசலுக்கு எங்க போவேன்?" என்றார் தாஷான்.

யென்ரூ அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. "என்கூட வந்து தேடினியே பெய்லின். பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டோமே. அப்ப அது எங்க இருந்துச்சு?"

"அப்பாதான்..." அவன் அப்பா பக்கம் கையைக் காட்டினான். "அது நம்ம ரெண்டு பேரத் தவிர வேற யாருகிட்டயும் போகாது. நான் கூப்பிட்டாத்தான் வரும். உனக்குத்தானே வளையல்னு... அதான் கூப்பிட்டேன்."

சோப்பு வழுக்கலில் வளையல் கழன்று வந்தது. அதை அவன் உள்ளங்கையில் வைத்து, மேலே அந்த மூன்று முடிகளையும் வைத்தாள். வாயை மூடு என்று அதட்டிய அம்மாவே எழுந்து மேல்கோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

வெளியே யென்ரூ பனியை அள்ளி அள்ளிக் கையைத் தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர நாற்றம் போகவில்லை. பஸ் நிறுத்தத்தை நெருங்கும்போது வாசலிலிருந்து பெய்லின் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மஞ்சளனைக் கூப்பிடும் அதே குழைவான குரல். அவள் நடையை எட்டிப் போட்டாள்.